வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? உடனே அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க

தில்லியில் கார் வைத்திருக்கும் நம்மவர் யாரிடமாவது "வண்டி இடது பக்கமா இழுக்குதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் "அலைன்மென்ட் பார்த்துடுங்க சார்" என்பார்கள். பத்தாவது ஆள் "டயரை மாத்திடுங்க" என்பார். நானும் பல வருஷமாக ஊருக்கெல்லாம் இதே வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இந்த மழைக்காலத்தில் எனக்கே வந்தபோதுதான், மூன்று அலைன்மென்ட்டுக்கும் ஒரு ஜோடி டை ராட் எண்டுக்கும் தண்டம் அழுத பிறகு, புத்தி வந்தது.

வண்டி ஜிப்ஸி, 2012 மாடல், 4 வீல் டிரைவ். இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. பவர் ஸ்டீயரிங் இல்லை, பின்சீட்டில் உட்கார்ந்தால் முதுகு தனியாக வந்துவிடும். 1985 டிசம்பரில் மாருதி கொண்டுவந்த வண்டி, 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு 'கிங்' ஆனது. அடிப்படை மட்டும் கடைசிவரை மாறவில்லை: முன்னாலும் பின்னாலும் முழு இரும்பு ஆக்சில், நாலு மூலையிலும் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். இந்த 'லாரி மாதிரி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜூலைக் கடைசியில், நல்ல மழையில், ரிங் ரோட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்த ஒரு பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. டமால் என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தேன். டயர் சரியாக இருந்தது, ரிம் வளையவில்லை, கிளம்பிவிட்டோம். ஒரு வாரம் கழித்து, கையை லேசாக விட்டால் வண்டி இடது பக்கம் போவது தெரிந்தது. தங்கமணி அன்றே சொன்னாள், "அந்தப் பள்ளத்துல விழுந்ததுலேர்ந்துதான் இப்படி." நான் கேட்டேனா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், ரோடு சரிவு, டயர் தேய்மானம் என்று பெரிய இஞ்சினியர் மாதிரி விளக்கம் கொடுத்தேன்.

முதல் கடையில் (பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் இப்படித்தான்) "காடி லெஃப்ட் மே பாக் ரஹீ ஹை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எப்போதிலிருந்து, பிரேக் பிடிக்கும்போதா, சும்மா போகும்போதா, எதிலாவது இடித்தீர்களா... ஒரு கேள்வி கிடையாது. மேடையில் ஏற்றினான், சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாடி மாட்டினான், திரையில் சிவப்பும் பச்சையும் வந்தது. டை ராடைத் திருகி டோவைப் பச்சையாக்கி, ஸ்டீயரிங்கை நேராக்கி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். வெளியே வந்து 200 மீட்டரில் வண்டி மறுபடி இடது பக்கம். இரண்டாவது கடையில் டை ராட் எண்ட் போய்விட்டது என்று மாற்றினார்கள். மாற்றினால் டோ கலையும், அதனால் மறுபடி அலைன்மென்ட். மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் நேர்மையானவர். "இந்த வண்டில டோ மட்டும்தான் மாத்த முடியும் சார், மத்ததெல்லாம் கம்பெனில வச்சதுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரும் டோவைத்தான் திருகினார்!

இங்கேதான் எனக்கு ஆட்சேபணை. டோ என்பது இரண்டு முன் சக்கரங்களும் முன்புறத்தில் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்ற கணக்கு. அது தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். இரண்டு சக்கரமும் அதைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதால் வண்டியை ஒரு பக்கமாக இழுப்பது பெரும்பாலும் டோ இல்லை. இழுப்பது கேம்பரும் காஸ்டரும். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் வந்தால், பாசிட்டிவ் கேம்பர் அதிகமுள்ள பக்கம் இழுக்கும், காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். ஜிப்ஸி மாதிரி முழு ஆக்சில் வண்டியில் இவை இரண்டுக்கும் திருகாணியே கிடையாது. அப்படியானால் அவை மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று தேட வேண்டாமா? காய்ச்சல் என்று போனால் டாக்டர் தெர்மாமீட்டரைத் துடைத்துக் கொடுத்து அனுப்புகிற கதை.

அக்டோபர் லீவுக்குச் சக்ராத்தா போவதாக ஏற்பாடு. இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். கால்சி தாண்டினால் மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். இழுக்கிற வண்டியோடு அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. கேன்சல் பண்ணவும் மனசில்லை. ஆபீஸில் ஒரு சர்தார்ஜி சொன்னார், "பட்டை ஸ்பிரிங் வண்டியை ஏன் கார் கடையில காட்டறே? லாரிக்காரன்கிட்ட போ." அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் போனேன். தில்லியின் வடக்கு மூலையில் லாரிகளின் தனி உலகம். பட்டை ஸ்பிரிங்கை அங்கே 'கமானி' என்பார்கள். கமானி வேலைக்கென்றே பட்டறைகள்.

ஒரு பட்டறை முன்னால் என் இந்தியோடு போராடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "என்ன சார், தமிழா?" என்று குரல். டி.என். 28, நாமக்கல் வண்டி. டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும், கையில் டீ கிளாஸ். கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கயாச்சும் குழில உட்டீங்களா?" இரண்டாவது, "பிரேக்கு புடிச்சா ஜாஸ்தியா இழுக்குதா?" ஆமாம், பிரேக் பிடித்தால் கொஞ்சம் அதிகம்தான். டீயைக் கீழே வைக்காமலே வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நடை பார்த்தார். "இங்க வாங்க சார். இந்த வீலு மட்கார்டுக்குப் பின்னாடி ஒட்டி நிக்குது பாருங்க. அந்தப் பக்கம் நடுவுல நிக்குது. ஆக்சிலு பின்னாடி போயிருக்கு. டேப்பு வச்சு அளங்க."

அளந்தோம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை. வலது பக்கம் 2,375 மி.மீ., கம்பெனி சொல்லும் அதே அளவு. இடது பக்கம் 2,359. பதினாறு மில்லிமீட்டர்!

அடியில் படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் ஒரு சென்டர் போல்ட் கோத்துப் பிடிக்கும். அதன் தலை ஆக்சிலில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து, ஆக்சில் முன்னே பின்னே நகராமல் பார்த்துக்கொள்ளும். மேலே இரண்டு யூ போல்ட் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும். என் வண்டியில் யூ போல்ட் எப்போதோ தளர்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்த அடியில் சென்டர் போல்ட் தலை வெட்டுப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆக்சில் இடது முனையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிருக்கிறது. எந்தப் பக்கம் சக்கர இடைவெளி குறைகிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இந்த நிலையில் இறக்கத்தில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்திருந்தால் இன்னும் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று யோசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

புதுச் சென்டர் போல்ட், இரண்டு பக்கமும் புது யூ போல்ட் (நீண்டுபோன பழசைத் திரும்பப் போடக் கூடாது என்று பட்டறைக்காரர் பிடிவாதம் பிடித்தார், நியாயம்தான்), ஆக்சிலைக் குழிக்குள் இழுத்து உட்காரவைத்து இறுக்க ரெண்டரை மணி நேரம். சென்டர் போல்ட் விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை. நாமக்கல்காரர் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "மலைக்குப் போறீங்கன்னா ஐந்நூறு கிலோமீட்டர்ல மறுக்கா இறுக்கிருங்க அண்ணே" என்றார். சாரிலிருந்து அண்ணே ஆனதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆக, என் கட்சி இதுதான்: இழுக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் கடைசி வேலை, முதல் வேலை இல்லை. காசில்லாமல் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார் ரோட்டுக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு வைப்பார்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள், அதனால் லேசாக இடது பக்கம் நழுவுவது எந்த வண்டிக்கும் இயல்பு. நான் ஏமாந்ததும் இதனால்தான். சமதளமான பெரிய பார்க்கிங்கில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் 4 வீல் டிரைவைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். ஜிப்ஸி வகை வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, திருப்பத்தில் முறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங் இஷ்டத்துக்குப் போகும், கண்டுபிடிக்க வந்ததே மறந்துவிடும்.

அடுத்து டயர். காலையில் வண்டி எடுக்குமுன் காற்று பாருங்கள். அப்புறம் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர்தான், ரேடியல் டயரில் உள்ளே நூல் வரிசை கோணலாக இருந்தாலே இழுக்கும். பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள் (தொடாதீர்கள்). ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம்தான் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் உல்டாவாகவும் இருக்கலாம்: எதிர்ப்பக்கத்துக் கேலிப்பர் வேலையே செய்யவில்லை. நம் 4 வீல் டிரைவ்காரர்களுக்கென்று ஒரு தனி வியாதியும் உண்டு. முன் சக்கர ஹப்பில் கையால் திருகும் லாக் இருக்குமே, அதில் ஒன்று 'லாக்'கிலும் ஒன்று 'ஃப்ரீ'யிலும் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஆக்சில் தண்டைச் சுற்றிக்கொண்டு போகும். சின்ன இழுவைதான். ஆனால் மலைச் சேற்றில் 4 வீல் போட்டால் முன் சக்கரங்களுக்கு இழுப்பே வராது, அதுதான் பெரிய ஆபத்து. இதெல்லாம் பார்த்த பிறகு டேப். ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் நம் கைத்தவறாக இருக்கலாம், அதற்கு மேல் என்றால் விடாதீர்கள்.

தில்லியில் இந்த வேலைகளை யாரும் செய்யாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025-ல் அது கொஞ்சம் தளர்ந்தாலும், பழைய வண்டி என்றாலே 'எப்படியும் என்.ஓ.சி. வாங்கி வேறு மாநிலத்துக்குத் தள்ளிவிடப் போகிறோம், அடியில் எதுக்குச் செலவு' என்ற மனசு இங்கே ஊறிவிட்டது. தள்ளிவிட்ட வண்டி எந்த மலையில் யார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் என்று யோசிப்பதில்லை. காற்று மாசு பற்றிய சட்டத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வயசைப் பார்க்கிற அளவுக்கு யூ போல்ட்டையும் யாராவது பார்த்தால் தேவலை.

ஆக்சில் இடத்துக்கு வந்த பிறகு டோ கலைந்திருக்கும் என்பதால் இப்போது அலைன்மென்ட் நிஜமாகவே தேவை. மூன்றாவது கடைக்கே போனேன். போகுமுன் பழைய பிரிண்டைத் தேடி எடுத்துப் படித்தேன். கடைசிக்கு முந்தைய வரியில் 'செட்பேக்' என்று ஒன்று, 0 டிகிரி 42 நிமிடம். ஆக்சிலின் ஒரு முனை மறு முனையைவிட எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதுதான் அந்த எண். மெஷின் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது. பாவம், முதல் நாளே சொல்லியிருக்கிறது. அந்த வரிக்குப் பச்சை, சிவப்பு எதுவும் கிடையாது என்பதால் கடைக்காரரும் பார்க்கவில்லை, காசு கொடுத்து வாங்கிய நானும் பார்க்கவில்லை.

புதுப் பிரிண்டில் 0 டிகிரி 3 நிமிடம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இதைப் பத்தி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை சார்" என்றார். சக்ராத்தா போய் வந்துவிட்டோம். டேராடூனில் கிலோமீட்டர் ஐந்நூறைத் தாண்டாவிட்டாலும் மலையேறுமுன் ஒரு பட்டறையில் நிறுத்தி யூ போல்ட்டை இறுக்கினேன். இடது பக்கம் கால் சுற்று ஏறியது.