நாள் பார்ப்பதும் ஒப்பந்தம் பார்ப்பதும்

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் நர்சுத் தொழில் படித்த பெண்ணொருத்தி அயல்நாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்படுகிறாள் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது? ஜாதகக் கட்டை எடுக்கிறார்கள். கடல் கடக்கும் யோகம் உண்டா என்று ஜோசியரைக் கேட்கிறார்கள். விமானம் ஏறும் நாள் நல்ல நாளாயில்லாவிட்டால், அதற்கு முந்திய நல்ல நாளில் பெட்டியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் செய்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, அப்பெண் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜெண்டுக்குத் தெரியும்" என்கிறார்கள்!

கிரகங்கள் அவளை என்ன செய்யும் என்பது கிடக்கட்டும். அந்தக் காகிதம் அவளை என்ன செய்யும் என்பதைச் சொல்லுகிறோம்.

அரபு தேசங்களில் பெரும்பாலும் இரண்டு வருஷத் தவணை. அங்கே வாசம் செய்யும் உரிமை அவளுக்கென்று தனியாகக் கிடையாது. எஜமானனுடைய பெயரோடு கட்டப்பட்டது அது. வேலை போனால் வாசமும் போயிற்று. கத்தார் சர்க்கார் 2020-ல், எஜமானன் சம்மதமில்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது மெய்தான். ஆனால் இருபது வருஷம் நோயாளியின் புண்ணைக் கழுவியவளுக்கும் அம்மண்ணில் நிலைத்த உரிமை என்று ஒன்று பொதுவாய் இல்லை. இங்கிலாந்தில் அப்படியல்ல என்பார்கள். அங்கே ஐந்து வருஷம் வேலை செய்தால் நிரந்தர வாசம் கேட்கலாம் என்று சொல்லித்தான் ஆட்களை அழைத்தார்கள். அழைத்த பிறகு, 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கையில், அந்த ஐந்தைப் பத்தாக்க வேண்டுமென்று அதே சர்க்கார் எழுதிற்று. இடையில் வேலை போனால் 60 நாளைக்குள் வேறு எஜமானனைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

உழைப்பு மாத்திரம் வேண்டும், உழைக்கிற ஆள் வேண்டாம் என்பதற்கு நமது நாட்டில் ஒரு பழைய பெயருண்டு. அதற்கு வருணாசிரம தர்மம் என்று பெயர். சேரிக்காரன் உழவேண்டும், ஊருக்குள் குடியிருக்கக்கூடாது என்று சொன்னவனுக்கும், நர்சு வேலை செய்யவேண்டும், நாட்டில் நிலைக்கக்கூடாது என்கிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ஒருவன் சாஸ்திரத்தைக் காட்டினான்; மற்றவன் விசா முத்திரையைக் காட்டுகிறான்.

செட்டிநாட்டாருக்கு இது புதிதுமல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று வருஷச் சம்பளம் பேசித்தானே அனுப்பினார்கள்! பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், ஆள் அக்கரையில். ஒவ்வொரு கடையும் நல்ல நாள் பார்த்துத்தான் திறக்கப்பட்டது. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. (வட்டியால் நிலமிழந்த பர்மியக் குடியானவனுடைய வயிற்றெரிச்சல் நியாயமானதே, அதை மறைக்க நாம் வரவில்லை.) 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், உயிர் தப்பினால் போதுமென்று காட்டுவழியே நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1964-ல் எஞ்சியிருந்த இந்தியர்களிலும் ஏராளமானோர் கப்பலேறினார்கள். இவற்றில் எதையாவது ஒரு பஞ்சாங்கம் முன்கூட்டிச் சொன்னதுண்டா? அயல் மண்ணில் சட்டபூர்வமான நிலை இல்லாதவனுக்குப் பணமிருந்தும் பலமில்லை என்பதை இந்த ஊரின் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளைக் கேட்டால் தெரியும்.

அப்படியானால் இங்கேயே இருக்கட்டுமே என்கிறார்கள் சில யோக்கியர்கள். இங்கே என்ன வாழ்கிறது? 2015-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்கு. வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடிப் போராட வேண்டியதாயிற்று. 2020-ல் கொரோனா வந்தபோது ஆறு மாதத் தவணையில் எடுத்தார்கள்; தவணையை நீட்டி நீட்டி வேலை வாங்கிக்கொண்டு, 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொந்த நாட்டிலேயே தவணை ஆளாக இருக்கிறவள், கூடுதல் சம்பளத்துக்கு அயல்நாட்டில் தவணை ஆளாகப் போவதில் என்ன குற்றம்?

இன்னொரு கூட்டம், வயசுப் பெண்ணைத் தனியே அனுப்பலாமா, மானம் என்னாவது என்கிறது. நோயாளியின் மலஜலத்தைத் தொடுவது தீட்டு என்று தம் வீட்டுப் பெண்களை இத்தொழில் பக்கமே விடாதிருந்தவர்களும் இவர்களே; அவள் அனுப்பும் பணம் வந்ததும் மானமும் தீட்டும் இவர்களுக்கு மறந்துபோகிறது. பெண்களும் எந்தத் தொழிலையும் செய்யலாம், சொத்தில் சமபாகம் வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். அவள் சம்பாதித்து வாங்கும் நிலத்தையாவது அவள் பெயரில் எழுதுகிறார்களா என்று பார்த்தால், தமையன் பெயரில் எழுதுகிறார்கள்.

ஏஜெண்டுகளின் அக்கிரமம் தனி. 2015-ல் குவைத்துக்கு ஆள் சேர்த்த ஒரு மலையாள தேசத்துக் கம்பெனி, 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 19½ லட்சம் வாங்கியதாக வழக்காயிற்று. அவ்வருஷமே இந்திய சர்க்கார், அரபு நாடுகள் உட்பட 18 தேசங்களுக்கு நர்சுகளை அனுப்புவதைச் சர்க்கார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அதற்கென்று அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் வாசலை மிதிக்காமல், நகையை அடகு வைத்துத் தரகனிடம் கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்களே!

ஆகவே, பெண்ணை அனுப்பும் தாய் தந்தையரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ஜோசியருக்கு வைத்திருக்கும் தட்சிணையை அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித்தர ஒருவருக்குக் கொடுங்கள். பாஸ்போர்ட்டு யார் கையில் இருக்கும், தவணைக்கு முன் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்லுகிறான், திரும்பிவரும் செலவு யாருடையது, எத்தனை வருஷத்தில் அங்கே நிலைக்க வழியுண்டு, அல்லது வழியே இல்லையா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், கையெழுத்து அவளுடையது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலுமுள்ள நம் தோழர்கள், இங்கிலீஷ் தெரிந்தவர்கள், சம்பளமில்லாமல் படித்துச் சொல்ல முன்வரவேண்டும். ராகுகாலத்தில் வந்தாலும் படித்துச் சொல்லலாம்.