உளியைக் கையில் எடுப்போம்!

தாராவியின் ஒற்றை அறை வீட்டில் புத்தகம் வைக்க ஒரு பலகைத் தட்டு வேண்டும். படித்தவன் தானே அடித்தால் என்ன? "அது ஆசாரி வேலை" என்று ஒதுங்குகிறோம்.

1953இல் இராஜாஜி, சென்னை மாநிலக் கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டமிட்டார். எதிர்ப்புப் பொங்கியது, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று எதிர்த்தது பிறப்பு பூட்டிய விலங்கை, உளியை அன்று!

விஞ்ஞான மாணவனுக்கு உளியும் ஓர் ஆசான். மழைக்காலத்தில் மும்பைக் கதவு இறுகும். ஈரம் குடித்த மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே, அகலவாக்கில் வெகுவாக உப்பும். அப்போதே இழைத்துவிட்டால் கோடையில் இடுக்கு விழும். ஏடு இதைச் சொல்லும். இழைப்புளி பிடித்த கையே உணரும்.

ஆசாரியின் மகன் ஆய்வுக்கூடம் வரட்டும். நாம் ஆசாரியின் பட்டறைக்குப் போவோம்!