இழுவையும் வேகமும்

இலக்கியம் பேசும் பக்கத்தில் கிளட்சையும் பல்சக்கரத்தையும் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிலிறகும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வள்ளுவர் எழுதியபோது எவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அந்தத் துணிவில் தொடங்குகிறேன்.

குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஊர். எங்கள் பெரியப்பா கைத்தறி லுங்கிகளை மூட்டையாகக் கட்டி, டி.வி.எஸ். மொபெட்டில் ஏற்றி, கடலூர்ப் பக்கத்து ஊர்களில் விற்றுவந்தார். எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கேப்பர் மலை என்று ஒன்று உண்டு. பெயர்தான் மலை, உண்மையில் அது நீண்ட செம்மண் மேடு. அந்த மேட்டில் பாதி தூரம் ஏறியதும் வண்டி திணறும், கருகிய வாசனை வரும். பெரியப்பா இறங்கி, மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவார். பாரம் தள்ளக் கூடாது என்று மருத்துவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அவருக்கு நெஞ்சு வலி இருந்தது.

எஞ்சின் தேய்ந்துவிட்டது, போரிங் செய்ய வேண்டும் என்றார்கள் சிலர். வேறு வண்டி வாங்கச் சொன்னார்கள் வேறு சிலர். கடைசியில் பட்டறைக்காரர் ஒருவர் எஞ்சினைத் தொடாமலே மூன்று கேள்விகள் கேட்டார். "ஐயா, எவ்ளோ பாரம் ஏத்துறீங்க? எவ்ளோ தூரம் போறீங்க? மேடு எங்க வருது?" பதிலைக் கேட்டுக்கொண்டு, தேய்ந்திருந்த கிளட்ச் ஷூவை மாற்றினார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றி, சில பற்கள் கூடுதலான ஒன்றைப் பூட்டினார். செயினில் ஒரு கண்ணியைச் சேர்த்தார். "இனிமே வேகம் கொஞ்சம் கம்மியா போவும். ஆனா நிக்காது" என்றார். அதற்குப் பிறகு பெரியப்பா அந்த மேட்டில் வண்டியைத் தள்ளியதில்லை.

இது ஏதோ மந்திரம் என்று சிறுவயதில் நினைத்தேன். பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இது எளிய வகுத்தல் என்று விளங்கியது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரம் 3 முறை சுழன்றால் பின்சக்கரம் 1 முறை சுழலும். பின்னால் 45 பல் வைத்தால் விகிதம் 3.21 ஆகும். இழுவை ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும், அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் அதே அளவு குறையும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 56ல் ஓடும். பல்சக்கரம் திறனை உண்டாக்குவதில்லை. இருக்கிற திறனை வேகத்துக்கும் இழுவைக்கும் இடையே பங்கிடுகிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்தால் மறுபக்கம் குறைத்தாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கருகிய வாசனைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1980ல் வந்த டி.வி.எஸ். 50 முதல் அதன் வழிவந்த எக்ஸ்.எல். வரை, இந்த மொபெட்டுகளில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை, மாற்றிப் போடும் கியரும் இல்லை. எஞ்சின் வேகம் கூடக் கூட, கிளட்ச் ஷூக்கள் மையவிலக்கு விசையால் வெளியே விரிந்து, சுற்றியுள்ள மணி வடிவக் கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். முழுப் பிடிப்பு வரும்வரை அவை வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். பாரத்தோடு மேடு ஏறுகிறபோது எஞ்சின் அந்தச் சுழற்சியை எட்ட முடியாமல் தவிக்கிறது. வழுக்கல் நீள்கிறது, வெப்பம் ஏறுகிறது, ஷூவின் மேற்பூச்சு கருகுகிறது. பின்சக்கரப் பல் கூடினால், சக்கரம் மெதுவாகச் சுழலும்போதே எஞ்சின் தேவையான சுழற்சியை எட்டிவிடும். கிளட்ச் சீக்கிரம் முழுதாகப் பற்றும். ஆக, பல்லை மாற்றியதால் காப்பாற்றப்பட்டது கிளட்ச். கூடவே ஒரு மனிதரின் நெஞ்சும்.

இதே கலை பனிநாடுகளில் வேறு உருவில் வாழ்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் ழோசஃப்-அர்மான் பொம்பார்டியே. 1934ன் குளிர்காலத்தில், சாலையைப் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றித் தம் இரண்டு வயது மகனை இழந்தார். பனியில் ஓடும் வண்டிகளை உருவாக்குவதில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அவர், பல்சக்கரமும் தொடர்பட்டையும் கொண்ட தம் அமைப்புக்கு 1937ல் காப்புரிமை பெற்றார். ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க ஸ்கி-டூ வண்டி 1959ல் வந்தது. இன்று அது பெரும்பாலும் விளையாட்டு வாகனம். அதன் வரலாற்றில் ஒரு தகப்பனின் துயரமும் கிடக்கிறது.

பனிவண்டியில் கியர் பெட்டிக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் ஒரு பெல்ட்டும் இருக்கும். எஞ்சின் பக்கத்துக் கப்பியில் உள்ள எடைக்கட்டைகள் சுழற்சியில் விரிந்து கப்பியை நெருக்குகின்றன. பெல்ட் மேலேறி, விகிதம் இடைவிடாமல் மாறுகிறது. எஞ்சின் மிக அதிகத் திறன் தரும் சுழற்சி ஒன்று உண்டு. முழு முடுக்கத்தில் எஞ்சினை அந்தச் சுழற்சியிலேயே நிறுத்திவைப்பதுதான் அங்கே தேர்ந்த கைகளின் நோக்கம். எடை கூடினால் கப்பி அவசரமாக மேல்விகிதத்துக்குப் போய் எஞ்சினை அமுக்கிவிடும். குறைந்தால் எஞ்சின் வீணாகக் கதறும். உயரம் ஏறினால் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் தன் திறனில் சுமார் 3 விழுக்காட்டை இழக்கிறது. ஆகவே மலைக்குப் போகிறவர்கள் எடையைக் குறைக்கிறார்கள், செயின் பெட்டியின் பல்விகிதத்தையும் இழுவைப் பக்கம் திருப்புகிறார்கள். இந்தக் கணக்குப்படி, 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் ஒரு சாதாரண வண்டி தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்து நிற்கும்.

பனியைக் கண்ணால் பார்த்திராத நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம் வீட்டு வாசலில் நிற்கும் கியரில்லா ஸ்கூட்டரின் வயிற்றில் இருப்பதும் அதே கப்பி, அதே பெல்ட்தான். 1984ல் கைனடிக் ஹோண்டா வந்தபோது இந்த அமைப்பு இந்தியச் சாலைகளுக்கு அறிமுகமாயிற்று. 2001ல் ஆக்டிவா வந்தபிறகு வீடுதோறும் நுழைந்தது. எடைக்கட்டைகளுக்குப் பதில் இங்கே உருளைகள் இருக்கின்றன, வழக்கமாக ஆறு. உருளை இலேசானால் எஞ்சின் கூடுதல் சுழற்சியில் நிற்கும், புறப்பாடு துடிப்பாக இருக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கனமானால் நேர்மாறு. தேய்ந்து தட்டையான உருளையும் மெலிந்துபோன பெல்ட்டும் வண்டியின் உச்ச வேகத்தைத் தின்றுவிடும். பிக்கப் போய்விட்டது என்று வருகிற பல வண்டிகளில் எஞ்சின் நலமாகவே இருக்கும். நோய் கப்பியில் இருக்கும்.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். செயல்திறன் என்ற சொல்லை நாம் வேகம் என்ற ஒற்றைப் பொருளுக்கு விற்றுவிட்டோம். பெரியப்பா காலமான பிறகு அந்த மொபெட் அவருடைய பேரன் கைக்கு வந்தது. எங்கோ பார்த்த காணொளியை நம்பி, பின்சக்கரத்துக்குச் சிறிய பல்சக்கரத்தையும், கிளட்சுக்கு விறைப்பான ஸ்பிரிங்குகளையும் அவன் மாட்டினான். சமதளத்தில், தனியாளாக, வண்டி பறந்தது உண்மை. விறைப்பான ஸ்பிரிங் கிளட்ச் பற்றுவதைத் தள்ளிப்போடும். சிறிய பல்சக்கரம் வழுக்கலை நீட்டும். இரண்டும் ஒரே நோயைத்தான் வளர்க்கும். அறுவடைக் காலத்தில் இரண்டு நெல் மூட்டைகளோடு அதே மேட்டில் ஏறியபோது கிளட்ச் முற்றாகக் கருகிப்போனது. நல்லவேளை, ஏறும்போது போயிற்று. கூடிய வேகத்தில் பாரத்தோடு இறங்கியிருந்தால், அந்தச் சிறிய டிரம் பிரேக் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டுகிறவர்கள் பிரேக்கைக் கூட்டுவதில்லை.

நிறுவனத்துப் பொறியாளர்களைவிட உள்ளூர்ப் பட்டறை அறிந்ததா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டியின் அடிப்படை விவரங்கள் பதிவுச் சான்றுக்கு மாறாகப் போகும்படி எதையும் மாற்றக் கூடாது என்று 1988ன் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52ல் சொல்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் நிறுவனம் வைத்தனுப்பும் விகிதம் ஒரு சராசரி. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும், தனியாளுக்கும் மூட்டைக்காரருக்கும், மைலேஜ் சோதனைக்கும் சந்தைச் சாலைக்கும் பொதுவாக எடுத்த முடிவு அது. சராசரி மனிதன் என்று எவரும் தெருவில் நடப்பதில்லை.

இதற்கு நெய்வேலியே பெரிய சான்று. 1957ல் அங்கே சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணை அகழ ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர எந்திரங்கள் வந்தன. அவை பிறந்தது மென்மையான மண் கொண்ட நாட்டில். இங்கே குறுக்கிட்டதோ கடலூர் மணற்கல், கடினமானது, உராய்ந்து தேய்க்கக்கூடியது. வாளிகளின் பற்கள் தேய்ந்தன. வெடிவைத்து மண்ணை இளக்கிய பிறகே எந்திரம் கடிக்க முடிந்தது. உலகின் தேர்ந்த எந்திரமும் வந்து இறங்கிய மண்ணிடம் மறுபாடம் கேட்டது. ஒரு மாபெரும் நிறுவனத்துக்கு இருந்த அந்தத் தேவை ஒரு லுங்கி வியாபாரிக்கு மட்டும் இருக்காதா?

ஆகவே மாற்றவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, மனம்போனபடி மாற்றலாம் என்றும் சொல்லவில்லை. முதலில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும் முன்பும் பின்பும் அளந்து பார்க்க வேண்டும். கழற்றியதைத் திரும்பப் பூட்டும்படி பத்திரப்படுத்த வேண்டும். சட்டத்தின் எல்லையையும் பிரேக்கின் எல்லையையும் தாண்டக் கூடாது. அந்தப் பட்டறைக்காரர் இவை அனைத்தையும் செய்தார். பழைய பல்சக்கரத்தைக் கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பெரியப்பாவிடமே கொடுத்திருந்தார். அது வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்தது.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறொன்று. அவருடைய அறிவு எங்கும் எழுதப்படவில்லை. நெய்வேலியில் 1998 முதல் புத்தகக் கண்காட்சி நடந்துவந்திருக்கிறது. பலமுறை போயிருக்கிறேன், கவிதையும் நாவலும் கைகொள்ளாமல் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு மொபெட்டின் பல்விகிதத்தைத் தமிழில் விளக்கும் புத்தகம் ஒன்று என் கைக்கு வாய்த்ததில்லை. பட்டறையில் மொழி இருக்கிறது. திணறுது, இழுக்குது, அமுக்குது, கதறுது என்று எஞ்சினின் ஒவ்வொரு நிலைக்கும் அங்கே துல்லியமான வினைச்சொல் உண்டு. நாம்தான் அதை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறோம். எழுத்தில் இல்லாத அறிவின் இடத்தைக் காணொளிகள் நிரப்புகின்றன. அவை அந்த மூன்று கேள்விகளையும் கேட்பதில்லை.

காலமும் அதிகம் இல்லை. மின்சார ஸ்கூட்டர்களில் கப்பியும் உருளையும் இல்லை. இழுவை எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற பங்கீட்டை இப்போது மென்பொருள் செய்கிறது, அதைத் திறக்கும் ஸ்பேனர் எந்தப் பட்டறையிலும் தொங்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பழுதுபார்ப்பது வேறு, தன் பாரத்துக்கும் தன் மேட்டுக்கும் ஏற்ப வண்டியைப் பழக்குவது வேறு. இரண்டாவது உரிமையைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கருகிய கிளட்சை மாற்றிய பிறகு, பேரன் பரணில் ஏறித் தேடியிருக்கிறான். அவனுக்குக் கிடைத்தது நிறுவனம் கொடுத்தனுப்பிய பல்சக்கரம், காகிதத்தில் சுற்றியபடியே. பெரியப்பாவின் பெரிய பல்சக்கரத்தை அவன் ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தான். அதில் எத்தனை பல் இருந்தது என்று என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பட்டறைக்காரர் இப்போது இல்லை.