குடும்பப் படத்தின் நடுவில் யார்?

பள்ளி விடுமுறையும் தீபாவளியும் நெருங்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “இந்த வருஷமாவது எல்லாரும் சேர்ந்து ஒழுங்கா ஒரு படம் எடுத்துக்கலாமா?” எல்லாரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். “என்ன கலர் போடுறது?” அதற்குப் பிறகு இரண்டு வாரங்களுக்கு வேறு பேச்சே இருக்காது.

நிறம் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது என்பது என் கருத்து. அந்தப் படம் யாருக்காக, அதன் நடுவில் உட்காரப் போவது யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கடந்த ஓராண்டாக வார இறுதிகளில் குடும்பப் படங்கள் எடுக்கும் ஒரு புகைப்படக் கலைஞருக்கு உதவியாளராகப் போய்வருகிறேன். முகங்களில் வெளிச்சம் விழும்படி ஒரு பெரிய வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கையில் தட்டி இருப்பதால் கைப்பேசியைப் பார்க்க முடியாது. ஆகவே மனிதர்களை நன்றாகப் பார்க்கிறேன். பல குடும்பங்களில் உடைகள் கச்சிதமாகத் தயாராகி வந்திருக்கும், மனிதர்கள் தயாராகி வந்திருக்க மாட்டார்கள். தாத்தா நடந்தே களைத்திருப்பார். குழந்தை பசியில் அழும். அப்பா இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார். பாட்டி மட்டும் சற்றுத் தள்ளி எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பைகளைக் காக்கும் பாட்டி

“நீங்க நில்லுங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்.” இந்த வாக்கியத்தை எத்தனை பாட்டிகளிடம் கேட்டுவிட்டேன்! அது வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவனிக்கக் கவனிக்க, அப்படிச் சொல்பவர்களில் பலர் கணவரை இழந்தவர்கள் என்று தெரிந்தது. மங்கலமான காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று அவர்கள் சிறுவயதிலிருந்தே பழக்கப்பட்டவர்கள். இந்தக் காலத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் தாமாகவே ஓரம் போய்விடுகிறார்கள். நாமும் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். வேறு சிலருக்குப் படம் எடுத்தால் ஆயுள் குறையும், மூவராக நின்று எடுத்தால் ஆகாது என்ற பழைய அச்சம் இருக்கும்.

இந்தப் பேச்சையெல்லாம் பூங்காவில், புகைப்படக் கலைஞர் காத்திருக்கும்போது பேச முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பே, வீட்டில், தேநீர் குடிக்கும் நேரத்தில் பேச வேண்டும். பேரப்பிள்ளைகளாகிய நாம் பேசினால் இன்னும் நல்லது. “பாட்டி, படமே உங்களுக்காகத்தான். நடுவில் நீங்கள்தான். எந்தச் சேலை கட்டிக்கொள்வீர்கள்?” அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். அலமாரியின் அடியில் மடித்து வைத்த ஒரு பட்டுச்சேலையும் அதற்கு ஒரு கதையும் இருக்கும். மற்றவர்களின் நிறத்தை அந்தச் சேலையை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு வார விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

சற்றுக் கசப்பான ஒரு காரணமும் உண்டு. ஒரு குடும்பத்தில் மூத்தவர் காலமானதும் எல்லாரும் முதலில் தேடுவது ஒரு நல்ல படத்தைத்தான். கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். அவர் நேராகப் பார்க்கும் படம் ஒன்றுகூட இருக்காது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாணப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் ஒட்டிக்கொண்டே வரும். மாலை போட்டு மாட்டுவதற்கு முன்பே, சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்கென்று ஒரு படம் இருக்கக்கூடாதா?

முழங்காலை வைத்துத் திட்டமிடுங்கள்

நடுவில் யார் என்பது முடிவானால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. என் ஊரான உட்லண்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் படகுத்துறை எல்லாருக்கும் பிடித்த இடம். ஒரு பக்கம் நீர், எதிரே ஜோகூர் பாருவின் கட்டடங்கள். ஆனால் படகுத்துறையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். முனைவரை போய்த் திரும்பினால் 800 மீட்டர். இது நமக்குச் சில பாட்டு கேட்கும் தூரம். முழங்கால் வலியுள்ளவருக்கு ஒரு நாள் உழைப்பு. அட்மிரல்டி பூங்காவின் சறுக்குமரங்கள் தம்பி தங்கைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த நிலம் மேடும் பள்ளமுமானது. சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

லிட்டில் இந்தியாவும் அப்படித்தான். கெர்பாவ் ரோட்டில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லத்தின் வண்ணச் சுவர்கள் படத்தில் அழகாக வரும். ஆனால் ஞாயிறு மாலைகளில் அந்த வட்டாரத்தில் கூட்டம் நிரம்பி வழியும். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் ஒரு குடும்பம் நின்று படம் எடுப்பது, சாலையையே நிறுத்தி வைப்பதற்குச் சமம். வார நாள் காலையில் போனால் அதே தெரு வேறு தெருவாக இருக்கும்.

இன்னோர் இடத்தை யாரும் யோசிப்பதே இல்லை. அது நம் சொந்த புளோக். கீழ்த்தளத்தின் ஓரம், வெயில் நேரடியாகப் படாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் வந்து விழும் இடம். முகத்தில் கடுமையான நிழல் இருக்காது, மழை வந்தாலும் கவலையில்லை, கழிவறைக்கு மின்தூக்கியில் ஏறினால் போதும். அதைவிட முக்கியமாக, அங்கேதான் நாம் வளர்ந்தோம். 2022ல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் விரிவாக்கத்துக்காக மார்சிலிங்கில் ஒன்பது வீவக புளோக்குகள் கையகப்படுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு மரீனா பே பின்னணியில் எடுத்த படத்தைவிட, தங்கள் புளோக்கின் எண் பின்னால் தெரியும் ஒரு படம்தான் நாளை அரியதாக இருக்கும்.

வெயிலுக்கும் மழைக்கும்

நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறோம். நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும். கண்குழிகளில் நிழல் விழுந்து எல்லார் முகமும் சோர்ந்து தெரியும். காலையில் சூரியன் உதித்த ஒரு மணி நேரமும், மாலையில் அது மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் நல்ல நேரம். இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் சுமார் அரை மணி நேரம்தான் மாறும். பிப்ரவரியில் ஏறத்தாழ 7.20, நவம்பர் தொடக்கத்தில் 6.50க்குச் சற்று முன்பு. மறைந்த பிறகு இருட்டு வேகமாக வந்துவிடும். ஆறு மணிக்கு வரச் சொன்னால் நம்மவர்கள் ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். ஆகவே அந்தக் காலத்தில் காலை நேரமே பாதுகாப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தலைகீழ். விடியற்காலையில் ‘சுமத்ரா’ எனப்படும் பலத்த காற்றும் மழையும் வரலாம். மழை வந்தால் வேறு நாளுக்கு மாற்ற முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர், கைத்துண்டு, விசிறி, கொசு மருந்து, சில ஊக்குகள், குழந்தைக்கு ஒட்டாத தின்பண்டம், பெரியவர் உட்கார ஒரு மடக்கு நாற்காலி. பட்டுச்சேலையில் வருபவர் படத்துக்கு முன்னரே வியர்த்துவிடாமல் இருக்க, கடைசி நிமிடம்வரை நிழலில் இருக்கட்டும். வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக்கண்ணாடி அணியும் தாத்தா இருந்தால், அவருடைய பழைய கண்ணாடியைக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் அவர் துப்பறிவாளர்போல் இருப்பார்.

எங்கள் நிறத்தில் கை வைக்காதீர்கள்

இப்போது நிறத்துக்கு வருகிறேன், உடையின் நிறத்துக்கும் தோலின் நிறத்துக்கும். ஒரே தமிழ்க் குடும்பத்தில் நான்கைந்து விதமான தோல் நிறங்கள் இருக்கும். கேமரா தானியங்கி முறையில் இருந்தால், தன் கண்முன் இருக்கும் வெளிச்சத்தைச் சராசரியாக்கிக் கணக்கிடும். எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டுப் பளீரென்ற வானத்தின் முன் நின்றால், அந்தச் சராசரியில் முதலில் இருண்டுபோவது கறுத்த முகங்கள்தான். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்நீலம், பச்சை எல்லாம் நம் தோலோடு நன்றாகச் சேரும். எல்லாரும் ஒரே நிறத்தில் வரவேண்டியதில்லை. இரண்டு மூன்று நிறங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும். பாட்டியின் சேலையில் இருக்கும் கரை நிறத்தைப் பேரனின் சட்டையில் கொண்டுவாருங்கள். நெருக்கமான சிறு கட்டங்களும் கோடுகளும் படத்தில் அலைபோல் நெளிந்து தெரியும், அவற்றைத் தவிர்க்கலாம்.

புகைப்படத் தொழில்நுட்பமே நம்மை நினைத்து உருவானதல்ல. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் கொண்ட ‘ஷர்லி அட்டை’யை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தன. பின்னாளில் கோடக் நிறுவனம் கரும்பழுப்பு நிறங்களைச் சரியாகப் பதிய முயன்றதற்கு, சாக்லெட், மரத்தளவாட விளம்பரதாரர்களின் புகார்களும் ஒரு காரணம் என்பார்கள். 2021ல்தான் கூகல், எல்லாத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டுவதாகச் சொல்லி ‘ரியல் டோன்’ வசதியைப் பிக்சல் கைப்பேசியில் அறிமுகம் செய்தது.

கருவிகள் திருந்தி வருகின்றன. நாம்தான் திருந்தவில்லை. படங்கள் திருத்தத்துக்குப் போகும்போது “கொஞ்சம் பிரைட்டா பண்ணிடுங்க” என்று கேட்கும் குரல் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளிருந்தே வருகிறது. பிரைட் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அப்படி வெளுக்கப்பட்ட படம் வரவேற்பறையில் மாட்டப்படும்போது, அந்த வீட்டில் வளரும் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறாள். தன் உண்மையான நிறம் சுவரில் மாட்டத் தகுதியில்லாதது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தப் படமே சொல்லிவிடும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: “பருவை அழியுங்கள், கலைந்த முடியைச் சரிசெய்யுங்கள், தோலின் நிறத்தை மாற்றாதீர்கள்.” நல்ல கலைஞர்கள் இதை மகிழ்ச்சியுடன் ஏற்பார்கள்.

யார் குடும்பம்?

இன்னொரு கேள்வியையும் முன்பே பேசிவிட வேண்டும். பாட்டியின் சக்கர நாற்காலியை ஐந்து ஆண்டாகத் தள்ளும் பணிப்பெண் படத்தில் இருப்பாரா? பல படப்பிடிப்புகளில் அவர் என் பக்கத்தில், கேமராவுக்குப் பின்னால் நின்று குழந்தையைச் சிரிக்கவைப்பார். எல்லாப் படத்திலும் அவரைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்திலாவது பாட்டியின் பக்கத்தில் நிற்க விருப்பமா என்று அவரிடம் கேட்கலாம். அவருக்கும் ஊரில் அதைக் காட்டுவதற்கு ஆள் இருக்கிறது. அதேபோல், அண்ணன் தேசிய சேவைக்குப் போகிறார் என்றால் தலைமுடி இருக்கும்போதே நாள் குறியுங்கள். பிள்ளைகளின் படத்தைக் கலைஞர் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

“கைப்பேசி இருக்கும்போது இதற்கெல்லாம் ஏன் செலவு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பணம் இல்லையென்றால் கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, நேரக் கணிப்பானை வைத்து எடுக்கலாம். மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் கைப்பேசிப் படங்களில் ஒருவர் எப்போதும் இருக்க மாட்டார்: படம் எடுப்பவர். பல வீடுகளில் அது அம்மா.

ஹில் ஸ்திரீட்டில் 1910 முதல் 1923 வரை லீ பிரதர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அங்கே எடுக்கப்பட்ட ஏறத்தாழ 2,500 உருவப்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. படம் எடுத்துக்கொள்வது வாழ்நாளில் சில முறையே நடந்த காலம் அது. நல்ல உடையை எடுத்து உடுத்தி, நேரம் ஒதுக்கிப் போனார்கள். நூறாண்டு கழித்தும் அவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். நம் கைப்பேசியில் இருக்கும் எந்தப் படம் அடுத்த கைப்பேசி மாற்றத்தைத் தாண்டும்?

எனவே நண்பர்களே, ஒரு படத்தையாவது அச்சிட்டுச் சட்டம் போடுங்கள். பின்புறத்தில் பென்சிலால் எல்லார் பெயரையும், தேதியையும், இடத்தையும் எழுதுங்கள். அதற்கு முன் இன்று மாலையே வீட்டில் மூத்தவரிடம் போய், எந்தச் சேலை, எந்த வேட்டி என்று கேளுங்கள். பைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள்.