என் பெயரை எங்கே வைத்தீர்கள்?

நான் வேலை பார்த்த கேமின் பெயரை இங்கே எழுத முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, எந்த நாடு, எந்த வருஷம், எதையும் சொல்லக் கூடாதாம். இத்தனை நாள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மனசு தானாக ஆறிவிடும் என்று இருந்தேன். ஆறவில்லை. அந்தப் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு காலத்தில் பாதிக் கடைகளின் பெயர்ப் பலகை அவர் கையால் எழுதியது. சுண்ணாம்பு தேய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல் எனாமலில் எழுத்து உட்காரும். வெளிச்சம் இடது பக்கம் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் வலது கீழே நிழல் விழும், ஒன்றுகூடத் தப்பாது. இங்கிலீஷ் அவருக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியும். வேலை முடிந்ததும் வலது கீழ் மூலையில் சுண்டுவிரல் அகலத்துக்குத் தன் பெயரைப் போடுவார். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த கடைக்காரர் தேடி வருவார். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. அப்பா எழுதிய போர்டைக் கழற்றக்கூட இல்லை. அதன் மேலேயே ஃப்ளெக்ஸை ஆணி வைத்து அடித்தார்கள்.

2006இல் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. தம்பி எங்கிருந்தோ ஒரு கேம் சிடி கொண்டுவந்தான். கள்ள சிடிதான், மறைக்கவில்லை. இரவு, மழை, ஒரு துறைமுக ஊர், காணாமல் போன பெண்ணைத் தேடி அலையும் கதை. தம்பிக்குக் கதை பிடித்தது. எனக்கு அந்த ஊரின் கடைத்தெரு பிடித்தது. ஒரு நாள் அப்பா பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்த முடிவெட்டுற கடை போர்டுகிட்ட கொண்டுபோய் நிறுத்து."

நிறுத்தினான். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பிரஷ் புடிச்சுப் பழகுன கை இது. கடைசி எழுத்து வாலைப் பாரு, எப்படி இழுத்து விட்டுருக்கான். யாரு எழுதுனது? பேரு எங்க போட்டுருக்கான்?"

போர்டு மூலையில் பெயர் இல்லை. தம்பி கேமை முடித்த அன்று, திரையில் பெயர்கள் மேலே ஏறின. டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட், அதாவது சுவர், போர்டு எல்லாம் வரைந்தவர்கள், என்று நான்கு பெயர்கள். என்னைப் படித்துக் காட்டச் சொன்னார் அப்பா. ஒவ்வொன்றாகப் படித்தேன். "சரி, போட்டுருக்காங்க" என்றார். அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

பெங்களூரில் ஒரு அவுட்சோர்ஸ் ஸ்டூடியோ. வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் கேம்களுக்குச் சுவர், தரை, துணி, துரு, போர்டு எல்லாம் வரைந்து கொடுப்போம். ஒரு திங்கட்கிழமை காலை புதிய புராஜெக்டின் கோப்புகளைத் திறந்தேன். ஒரு பழைய கேமின் ரீமேக். அந்தத் துறைமுக ஊர். அந்த மழைத் தெரு. அந்த முடிவெட்டும் கடை போர்டு. பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். அப்பாவுக்குப் போன் போட்டு, என்ன கேம் என்று சொல்ல முடியாமல், "உங்களுக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு வந்துருக்குப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் போர்டின் மூலப் படம் 128க்கு 64 பிக்சல். மொத்தமே 8,192 புள்ளிகள். அன்றைக்கு மெமரியில் அவ்வளவுதான் இடம். அந்தக் கைக்குட்டை அளவு இடத்துக்குள், பழைய டிவியில் லேசாகக் கலங்கித் தெரியும் என்று கணக்குப் போட்டு, ஒருவர் பிரஷ் எழுத்தையே கொண்டுவந்திருக்கிறார். அதை நீளத்திலும் அகலத்திலும் நாலு மடங்கு பெரிதாக்கினால் பிக்சல் பதினாறு மடங்கு ஆகும். இல்லாத அந்தப் புள்ளிகளையெல்லாம் யாராவது இட்டு நிரப்ப வேண்டும். எங்களுக்கு வந்தபோது ஏற்கெனவே ஒரு மென்பொருள் நிரப்பி முடித்திருந்தது. எழுத்து என்றால் என்னவென்று அதற்குத் தெரியுமா? அது புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கிறது. ஊகித்து எழுதிய போர்டில் இருந்தது எந்த மொழியும் இல்லை. வழுவழுவென்று, கூர்மையாக, அர்த்தமே இல்லாத கோடுகள். மூல ஓவியர் பெரிய அளவில் வரைந்த கோப்பு இருக்குமே என்று கேட்டேன். இல்லை என்றார்கள். யாரும் எடுத்து வைக்கவில்லை.

எங்கள் வேலை அதைத் 'துடைத்துக் கொடுப்பது'. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 படம். கணக்குப் போட்டால் படத்துக்கு எட்டு நிமிஷம். அப்பா ஒரு எழுத்துக்கு நிழல் போட எடுத்துக்கொள்ளும் நேரம்கூட இல்லை.

அந்த ஒரு போர்டை மட்டும் என்னால் விட முடியவில்லை. மூன்று ராத்திரி ஆபீஸிலேயே இருந்து கையால் எழுதினேன். கடைசி எழுத்தின் வால் வரவேயில்லை. அப்பாவிடம் கேட்டேன். ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்துப் பார்த்து எழுதி முடித்து அனுப்பினேன். திரும்பி வந்தது. அந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்தாயிற்று, அட்டவணையில் இல்லாத வேலை செய்யாதீர்கள் என்று ஒரு வரி. எங்கள் லீட் நல்ல மனுஷன். "விடும்மா, யாரும் அந்த போர்டைப் பார்க்கப் போறதில்ல" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள்.

கேம் வெளிவந்த வாரம் அந்தப் போர்டின் படம் ஊரெல்லாம் சுற்றியது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரித்தார்கள். இதை வரைந்தவனுக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது ஐயா. இரண்டு கண்ணும் இருக்கிறது. மூன்று ராத்திரி தூங்காத கண். கோபப்பட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் என்னைப் போல அந்த ஊருக்குள் வளர்ந்தவர்கள்தான். காசு கொடுத்து ஏமாந்தவர்கள். ஆனால் அந்த ஏச்சு யாருக்குப் போக வேண்டியது? எட்டு நிமிஷம் என்று விதித்தவனுக்கா, அந்த எட்டு நிமிஷத்துக்குள் நசுங்கினவளுக்கா?

இது என் ஒருத்தி கதை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 2012இல் 'சைலன்ட் ஹில்' என்ற திகில் ஆட்டத்தின் 2, 3ஆம் பாகங்களை தெளிவான படத்தோடு மறுபடி வெளியிட்டார்கள். செய்தவர்கள் கைக்குக் கொடுக்கப்பட்டது முழுமை பெறாத நிரல். இறுதி வடிவத்தை நிறுவனம் பத்திரப்படுத்தியிருக்கவில்லை. ஊரையே மூடி நின்று பயமுறுத்திய மூடுபனி அதில் கெட்டுப்போனது. 2021இல் 'ஜிடிஏ'வின் மூன்று பழைய ஆட்டங்கள் அதே மாதிரி மறுபடி வந்தன. 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தில் தூரத்தை மறைத்த பனியை எடுத்துவிட்டார்கள். மலை மேல் ஏறி நின்றால், அவ்வளவு பெரிய மாநிலம் என்று நம்பி ஓட்டினோமே, அது ஒரு மேசை விரிப்பு அளவுக்குத் தெரிந்தது. அந்தப் பனியைப் போட்டவர்கள் தெரிந்துதான் போட்டார்கள். இயந்திரத்தின் குறையை மறைத்து அதிலேயே ஒரு உலகத்தை உண்டாக்கினார்கள். அவர்கள் கூட இருந்து கற்றவர் ஒருவராவது பக்கத்தில் இருந்திருந்தால் அதைத் தொட விட்டிருப்பாரா?

அதைவிடப் பெரிய அநியாயம் பழையதை ஒழித்துக்கட்டுவது. அந்த மூன்று ஆட்டங்களின் பழைய வடிவத்தையும் புதியது வருவதற்கு முந்தைய மாதமே டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். நவம்பர் 11ஆம் தேதி புதியது வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 19ஆம் தேதி மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய வடிவங்களைத் தங்கள் கடையில் திரும்ப வைப்பதாகச் சொன்னார்கள். திரும்ப வைக்க முடிகிறது என்றால், எடுத்தது ஏன்? 2020 ஜனவரியில் 'வார்கிராஃப்ட் 3' ஆட்டத்துக்கு நடந்தது இன்னும் கொடுமை. புதுப்பித்த வடிவத்தை வாங்காதவர்களின் பழைய ஆட்டமும் அதோடு சேர்த்து மாற்றப்பட்டது. 2002இல் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குள் புகுந்து பொருளை மாற்றி வைத்த மாதிரி. அந்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் தாங்களே செய்யும் வரைபடங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் விதியில் எழுதினார்கள். 'டோட்டா' என்ற ஆட்டமே அப்படி ரசிகர் கையில் பிறந்ததுதான். அடுத்தவன் ராத்திரி உழைப்புக்கு இவர்கள் எப்படிப் பட்டா எழுதிக்கொள்கிறார்கள்?

பழைய கேமை மறுபடி செய்வது வீண் வேலையா என்று என்னிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இவ்வளவு பட்ட பிறகும் சொல்வேன். 1998இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' ஆட்டத்தை மறுபடி செய்யப் போவதாக 2015இல் அறிவித்தார்கள். வந்தது 2019இல். நேரம் கொடுத்தார்கள், அது ஒவ்வொரு சுவரிலும் தெரிகிறது. 2024இல் அந்தப் பழைய வடிவத்தையும் கணினிக்கு மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புதியது நன்றாக ஓடியதால் பழையதைக் கொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. செய்ய முடிகிற காரியம்தானே இது? அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு செய்து சொன்னது: 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூற்றுக்குப் பதிமூன்றுதான் மிச்சம். நான் வேலை பார்த்த அந்தத் துறைமுக ஊர் அந்த மிச்சத்தில் ஒன்றாக இருந்தது. ரீமேக் வந்த மாதம் அதையும் கடையிலிருந்து எடுத்தார்கள். நானும் ஒரு கை கொடுத்துக் கொன்றேன் என்று சில ராத்திரி தோன்றுகிறது. அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ரீமேக் வந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். தம்பி அதை முழு விலை கொடுத்து வாங்கியிருந்தான், அக்கா வேலை பார்த்த கேம் என்று ஊகித்துவிட்டான். நான்கு நாள் உட்கார்ந்து முடித்தான். கடைசியில் பெயர்கள் ஏற ஆரம்பித்ததும் "அப்பா, வாங்க" என்று கூப்பிட்டான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. விற்பனைப் பிரிவு. வக்கீல்கள். கணக்குப் பிரிவு. கேம் உருவான காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கூட இருந்தது. எங்கள் ஸ்டூடியோவின் பெயர் ஒரே ஒரு வரி வந்தது. எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. நான் சின்ன வயதில் படித்துக் காட்டிய அந்த நான்கு பேர், அந்த 8,192 புள்ளிகளைக் கையால் வைத்தவர்கள், அவர்கள் பெயரும் இல்லை. மூலக் குழுவுக்கு நன்றி என்று பொதுவாக ஒரு வரி.

"இன்னும் வரலையா?" என்றார் அப்பா.

திரை கருப்பாகிவிட்டது. நான் என்ன பதில் சொல்வேன்?

இதுவும் புதிதில்லை. 2002இல் வந்த 'மெட்ராய்டு பிரைம்' ஆட்டத்தை 2023இல் புதுப்பித்து வெளியிட்டபோது, மூல ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் போடவில்லை. பழைய வடிவங்களின் குழுவினர் உழைப்பை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு வாக்கியத்தோடு முடித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பொறியாளர் ஒருவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பெயர் போட என்ன செலவாகும்? தாள் வேண்டுமா, மை வேண்டுமா? எங்கள் நூறு ஜிபி கேமில் நாற்பது பெயருக்கு இடம் இல்லையா? எங்கள் அப்பாவுக்குக் கூலி பாக்கி வைத்த கடைக்காரர்கள் உண்டு. மூலையில் பெயர் போடாதே என்று சொன்ன கடைக்காரர் ஒருவரும் கிடையாது.

கேம் வாங்குகிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த ரீமேக்குக்கு முன்பணம் கட்டும் முன், பழையது கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், 'ஜிடிஏ' விஷயத்தில் உங்கள் குரலுக்குத்தான் எட்டு நாளில் மன்னிப்பு வந்தது. முடிந்ததும் ஏறும் பெயர்களை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். வரைந்தவளைத் திட்ட வேண்டும் என்றால்கூட, அவள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் அந்த ஸ்டூடியோவை விட்டு வந்துவிட்டேன். மூன்று ராத்திரி எழுதிய அந்தப் போர்டின் கோப்பு அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்தது, இப்போது இருக்குமோ என்னவோ, கேட்க எனக்கு உரிமை இல்லை. அப்பா எழுதி அனுப்பிய தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஊருக்குப் போனபோது கேட்டு வாங்கி வந்தேன். அதன் வலது கீழ் மூலையில், சுண்டுவிரல் அகலத்துக்கு, அவர் பெயர் இருக்கிறது.