தேர்வுக்கு விலக்கு தாருங்கள், வகுப்பிலிருந்து விலக்காதீர்கள்

தமிழ்நாட்டின் பள்ளிக்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,



பொதுத்தேர்வு நெருங்கும்போது வெளியாகும் அரசு அறிவிப்பில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், பார்வையற்றோர், காது கேளாதோர் உள்ளிட்ட மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு என்று அதில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 17ஆவது பிரிவில் இவற்றை அரசு செய்ய வேண்டியவை என்றே எழுதிவைத்திருக்கிறது. கற்றல் குறைபாட்டை அந்தச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்ததால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டன. விலக்கு மட்டும் இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கவே முடியாத பிள்ளைகளை நான் அறிவேன். ஆகவே இந்தச் சலுகைகளில் எதையும் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

தேர்வறைக்காகத் தரப்பட்ட விலக்கு, பள்ளிக்குள் நுழைந்ததும் வகுப்பறைக்கும் நீண்டுவிடுகிறது. அதை நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நடப்பது இதுதான். பத்தாம் வகுப்பில் இந்தப் பையனுக்கு ஆங்கிலம் எழுத வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டால், எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வகுப்பில் அவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்காருகிறான். வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரவும், சாக்பீஸ் எடுத்துவரவும் அவனைத்தான் அனுப்புகிறார்கள். “அந்த நேரத்துல கணக்காவது போட்டுப் பார்க்கட்டுமே” என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பு, மாதத் தேர்வு, தேர்ச்சி விழுக்காடு என்று அவர்கள் தலைமேல் இருக்கும் சுமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போகும்போது, பேருந்தில் யாராவது ஆங்கிலத்தில் வழி கேட்டால் பதில் சொல்லக்கூட வாய் வராமல் போகிறான். அவனால் எழுத முடியாது என்பதற்காகப் பேசவும் கற்றுத்தராமல் விட்டுவிட்டோம்.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழித்திறன் நான்கு என்பதை ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படிக்கிறோம். நம் பத்தாம் வகுப்பு மொழித்தேர்வோ நூறு மதிப்பெண்ணுக்கும் எழுத்துத் தேர்வு. முதல் இரண்டு திறன்களுக்கு அங்கே இடமே இல்லை. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குத் தடையாக நிற்பவை பின்னிரண்டும். நன்றாக வரக்கூடியதை அளக்காமல், வராததை மட்டும் அளந்து, பிறகு இரக்கப்பட்டு விலக்கு தருகிறோம்.

எழுத்து ஏன் தடையாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள். த்ரூ, தோ, டஃப், காஃப். எழுத்துச் சேர்க்கை ஒன்று, ஒலி நான்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ள எந்தக் குழந்தையும் திணறும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, 13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் படிக்கத் தொடங்குவதை ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான மொழிகளில் முதல் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் எளிய சொற்களைத் தவறில்லாமல் படிக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் அந்த நிலைக்கு வர இரண்டு மடங்குக்கும் மேல் காலம் எடுத்துக்கொள்கிறார்கள். இது குறைபாடு ஏதும் இல்லாத குழந்தைகளின் கதை. ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டுமே கேட்கிற, டிஸ்லெக்சியாவும் உள்ள ஒரு செய்யாறு மாணவியின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி டேக்கோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் என்ற இருவர் 1999இல் எழுதினார்கள். அவன் ஆங்கிலம் படிக்கக் கடுமையாகத் திணறினான். ஜப்பானிய மொழியையோ கல்லூரி மாணவர்களுக்கு இணையாகப் படித்தான். ஒரு மொழியின் எழுத்தில் தோற்ற குழந்தை எல்லா மொழியிலும் தோற்கும் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் எழுத்துக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. ‘கொ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழும் மெய்யொலி, எழுத்தில் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ண, ன, ந மூன்றும் பல பிள்ளைகளை வருடக்கணக்கில் அலைக்கழிக்கின்றன. அப்படியிருந்தும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தமிழில் பெரிதும் ஒழுங்கானது. எந்தப் பிள்ளைக்கு எந்த மொழி எந்த இடத்தில் இடறுகிறது என்று பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே விலக்குப் படிவத்தை நீட்டுவது அவர்களைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதாகும்.

காதும் வாயும் இருந்தால் போதும், எல்லாம் எளிதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. டிஸ்லெக்சியா பெரும்பாலும் ஒலிகளைப் பிரித்தறிவதில் வரும் தடுமாற்றத்தில் தொடங்குவது. அதனால் புதிய மொழியைக் கேட்டுப் பழகுவதும் சிலருக்குக் கடினம். 1960களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கென்னத் டிங்க்லேஜ் என்ற உளவியலாளர் ஒரு புதிரைக் கண்டார். மற்ற எல்லாப் பாடங்களிலும் சிறந்து விளங்கிய மாணவர்கள் சிலர் அயல்மொழிப் பாடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். சோம்பல் என்றும் பதற்றம் என்றும் அதுவரை காரணம் சொல்லப்பட்டது. தோல்வியால்தான் பதற்றம் வந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். அவர்களில் சிலருக்குச் சிறுவயதில் படிக்கக் கற்பதிலேயே தடுமாற்றம் இருந்திருந்தது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் மொழியைக் கற்பித்தபோது அவர்களும் கற்றார்கள். பின்னாளில் அமெரிக்காவில் லியோனோர் கான்ஷோ, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் இருவரும் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் பரிந்துரைத்த முறையில் ஒலியைத் தனித்தனியாக, வெளிப்படையாக, மெதுவாகக் கற்பிக்க வேண்டும். பார்த்து, கேட்டு, வாயால் சொல்லி, கையால் வரைந்து பழக வேண்டும். ஒன்று படிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இது வகுப்பிலுள்ள எல்லோருக்கும் உதவும் முறை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நம் ஊரில் பலரும் தரும் அறிவுரை: “ஒரு மொழி போதும், இரண்டு பேசினால் குழம்பிவிடும்.” ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கவிருக்கும் குழந்தையென்றால் அந்த ஒரு மொழி ஆங்கிலமாகிவிடுகிறது. பெற்றோர் தங்களுக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேச முயல்கிறார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் பேச்சு நின்றுபோகிறது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் குடும்பங்களில் இழப்பு இன்னும் அதிகம். குழந்தைக்குத் தாலாட்டும் கதையும் சடங்கும் பண்டிகையும் எந்த மொழியில் வந்து சேருமோ, அந்த மொழியையே முதலில் பறித்துவிடுகிறோம். இந்த அறிவுரைக்கு ஆய்வில் ஆதாரம் இல்லை. கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த, மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளை ஒரு மொழி மட்டும் பேசும் அதே குறைபாடுள்ள குழந்தைகளோடு ஜோஹான் பாரடிஸும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் ஒப்பிட்டார்கள். இருமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் 2005இல் எலிசபெத் கே-ரெயினிங் பேர்டு குழுவினர் பார்த்ததும் இதையேதான். குறைபாடு எத்தனை மொழியிலும் கூடவே வரும். இரண்டாவது மொழி அதைக் கூட்டுவதில்லை.

இங்கிலாந்தில் 1990களில் தேசியப் பாடத்திட்டத்தின்கீழ் அயல்மொழிப் பாடம் நடைமுறைக்கு வந்தபோது, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்றார்கள். அந்த ‘எல்லோரும்’ என்பதில் சிறப்புப் பள்ளிக் குழந்தைகளும் அடங்கினார்கள். இந்தக் குழந்தைகளுக்கு எதற்குப் பிரெஞ்சு என்று அங்கும் கேட்டார்கள். ஆனால் உரிமை என்று எழுதியாகிவிட்டதால் ஆசிரியர்கள் வழி தேட வேண்டியதாயிற்று. வகுப்பறையில் உணவகம் போட்டார்கள். ரொட்டி கேட்கவும், விலை கேட்கவும், நன்றி சொல்லவும் பழக்கினார்கள். பாட்டு, சமையல், பண்டிகை, வரைபடம் எல்லாம் பாடமாயின. பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டுப் பதில் சொன்னது. 2004இல் 14 வயதுக்கு மேல் மொழிப்பாடம் கட்டாயமில்லை என்று அங்கே தளர்த்தியதும் மொழி படிப்போர் தொகை மளமளவென்று சரிந்தது. அந்த நாட்டுப் பாடத்திட்டத்தை இங்கே நட்டுவைக்கச் சொல்லவில்லை. கற்பிக்கும் கடமையை முதலில் ஏற்றுக்கொண்டால் கற்பிக்கும் முறை பின்னால் வந்துசேரும் என்பதை அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

பிற பண்பாடுகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல, கடல் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை. ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் குழந்தைகள் தமிழ்க் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஜப்பானியர் தலை தாழ்த்தி வணங்குவதை நடித்துக்காட்டவும், கொரியர் எப்படி நன்றி சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லவும், பக்கத்து பெஞ்சுக்காரியின் வீட்டில் பண்டிகைக்கு என்ன சமைப்பார்கள் என்று தெரிந்துகொள்ளவும் எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டியதில்லை. எழுத்தே தெரிய வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. 1446இல் செஜோங் மன்னர் வெளியிட்ட கொரிய எழுத்தில் சில வடிவங்கள் அந்த ஒலியை எழுப்பும்போது நாக்கும் வாயும் இருக்கும் நிலையைக் காட்டுபவை. எழுத்து என்றாலே நடுங்கும் ஒரு மாணவன், ஓர் எழுத்து தன் வாயின் படம் என்று அறியும்போது அதை வேறு கண்ணோடு பார்ப்பான். வெளியுலகம் பெரியது, அதில் தனக்கும் பேச இடமுண்டு என்ற எண்ணம் மற்ற எவரையும்விட இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுகிறது. பள்ளி அவர்களிடம் நாள்தோறும் சொல்லிவருவது அதற்கு நேர்மாறானது.

அமைச்சர் அவர்களே, நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். மொழிப்பாட விலக்கு பெற்ற மாணவர் அந்தப் பாட வேளையில் வகுப்பில் இருக்க வேண்டும், பேச்சிலும் கேட்டலிலும் பங்கெடுக்க வேண்டும், அவரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். விலக்கு கேட்பதைப் பள்ளி முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு பெற்றோரும் மாணவரும் முடிவு செய்ய வேண்டும். மனம் மாறினால் அடுத்த ஆண்டு திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். விலக்கு பெற்றவர்களில் விரும்புவோருக்குப் பேச்சுத் தேர்வு ஒன்றை நடத்தி, இவருக்கு இந்த மொழியில் இவ்வளவு பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியும் என்று சான்றிதழ் தாருங்கள். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்த ஒரு தாள் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

பாடநூல்களில் கியூஆர் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு மொழிப்பாடத்தையும் நிதானமான வேகத்தில் வாசித்த ஒலிப்பதிவு அதன் வழியாகக் கிடைக்கட்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் வாரத்தில் ஒரு பாடவேளை இந்தப் பிள்ளைகள் கேட்டுப் பேசிப் பழகட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்களை மொழி ஆசிரியர்களோடு உட்காரவையுங்கள். இன்று ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார். போன இடத்தில் பதிவேடு நிரப்பவே நேரம் சரியாகிவிடுகிறது. குழந்தையின் குறை எங்கே என்று தெரிந்தவர் அவர், பாடம் தெரிந்தவர் மொழி ஆசிரியர். இருவரும் சேர்ந்து திட்டமிட மாதம் ஒரு பிற்பகலாவது வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்திலேயே காலம் தள்ளும் நிலையும் மாற வேண்டும். இதற்கு மட்டும் பணம் வேண்டும் என்பதை மறைக்கமாட்டேன்.

சுற்றறிக்கைக்குப் பணம் வேண்டாம். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் அது ஒவ்வொரு தலைமையாசிரியரின் மேசைக்கும் போய்ச் சேர ஆணையிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியர்