அசைவும் அச்சமும்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரே படத்தைக் கொண்டே எடைபோடும் பழக்கம் வேரூன்றியிருந்தாலும், படத்தில் தெரியும் தேய்வுக்கும் நோயாளி உணரும் வலிக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இந்த வேறுபாட்டுக்கு உளக்காரணிகளும் ஒரு பங்கு காரணமாகின்றன: அசைந்தால் மூட்டு மேலும் கெட்டுவிடும் என்னும் அசைவச்சம், வலியைப் பேரிடராகப் பெருக்கிக் காணும் மனப்போக்கு, தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையின் குறைவு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றி, வலிக்கும் காலை முதலில் வைத்து, மற்றக் காலையும் அதே படிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த படிக்கு நகரும் ஒருவர், நாளடைவில் மாடி ஏறுவதையே தவிர்த்துவிடக்கூடும். அவ்வாறு தவிர்க்கத் தவிர்க்க, முழங்காலைத் தாங்கும் முன்தொடைத் தசை மெலிந்து வலி கூடுகிறது, கூடிய வலியோ தம் அச்சம் சரியே என்று அவரை நம்பவைக்கிறது. உண்மையில், இரத்தக் குழாய்கள் இல்லாத குருத்தெலும்பு, மூட்டு அழுந்தி விடுபடும் அசைவின் துணையால்தான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானம் உள்ள அனைவருக்கும் உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதோடு, தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதை அவர்களுக்கு விளக்கவும் சொல்கிறது. ஆகவே, ‘மூட்டு தேய்ந்துவிட்டது, நடையைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அச்சத்தை வளர்ப்பதாகும். எவ்வளவு அசையலாம், எந்த வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எடுத்துரைப்பதும் சிகிச்சையின் பகுதியே.